கட்டின வீட்டுக்குப் பழுது சொல்ல ஒரு ஆள் வேண்டும்

"கட்டின வீட்டுக்குப் பழுது சொல்றது லேசு" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அடுத்தவன் பாடுபட்டுக் கட்டியதில் நொட்டை சொல்லாதே என்பது அதன் பொருள். பேச்சு என்னவோ நல்ல பேச்சுதான். ஆனால் அந்த வீட்டை நாம் விலைக்கு வாங்கப் போகும்போது அது நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. வீடு பார்க்கப் போன இடத்தில் காபி கொடுத்து உபசரிக்கிறார்கள். சுவரில் கீறல் கண்ணில் பட்டாலும் வாய் திறப்பதில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் குறை சொல்லலாமா என்று பேசாமல் வந்துவிடுகிறோம்.

34 வருடம் அரசுத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எடப்பாடிக்கே திரும்பி வந்து குடியிருக்கிறேன். சொந்தபந்தம், தெரிந்தவர் என்று யாராவது வீடு வாங்கப் போனால் "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறார்கள், போகிறேன். காசு வாங்குவதில்லை. இப்படிப் பத்துப் பதினைந்து வீடுகளைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பழுது சொல்வதையே தொழிலாகச் செய்கிற, அதற்கென்று படித்த, பொறுப்பேற்கிற ஆட்கள் நமக்கு வேண்டும். வெளிநாடுகளில் 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்கிறார்கள். நாம் வீட்டுச் சோதனையாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயரை விட வேலைதான் முக்கியம்.

இப்போது நாம் வீடு வாங்கும் முறையை யோசித்துப் பாருங்கள். மூலப்பத்திரம் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று போடுகிறோம். பட்டா, சிட்டா, வரி ரசீது எல்லாம் வக்கீலிடம் கொடுத்து ஒப்பீனியன் வாங்குகிறோம். வாசப்படி எந்தத் திசை, சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா, மனையடி அளவு பொருந்துகிறதா என்று ஆள் வைத்துப் பார்க்கிறோம். கிரயம் செய்யும்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். இவ்வளவும் காகிதத்துக்கும் திசைக்கும்தான். கம்பி துருப்பிடித்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய்கூட ஒதுக்குவதில்லை.

"பேங்க்காரன் இன்ஜினியரை அனுப்பிப் பாக்கறானே" என்பார்கள். அவர் வேல்யூயர். கடன் திரும்பாவிட்டால் வீட்டை விற்றால் என்ன தேறும் என்று வங்கிக்குச் சொல்வது அவர் வேலை. அரை மணி நேரம் இருப்பார், டேப் பிடிப்பார், நாலு போட்டோ எடுப்பார். அவர்மேல் தப்பில்லை, அவர் வேலை அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் படுக்கிற அறையின் மேல்தளம் இன்னும் இருபது வருடம் நிற்குமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்றால், கொஞ்சம் காப்பாற்றும். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய குறைக்கு அது பொருந்தாது. அதாவது, "கண்ணு இருந்துச்சில்ல, பாத்திருக்கலாமில்ல" என்று சட்டமே கேட்கிறது. 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) இன்னும் நல்லது. கட்டடத்தில் குறை இருந்து, சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் தெரியவந்தால், கட்டியவர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, 8க்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கும் திட்டங்களுக்குத்தான். நம் ஊரில் கைமாறுகிற வீடு எது? ஒரு மேஸ்திரி 1998லோ 2005லோ கட்டிய தனி வீடு. அதற்கு ரெரா இல்லை.

புது வீட்டுக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. சிறிய வீடுகளுக்குப் பணிநிறைவுச் சான்று வேண்டாம் என்று தமிழ்நாட்டு விதிகளில் விலக்கு இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று போதும், அனுமதி இணையத்திலேயே கிடைத்துவிடும். ஆபீஸ் ஆபீஸாக அலைந்த எனக்கு அதன் அருமை தெரியும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரசாங்கம் வந்து பார்த்திருக்கும் என்ற நினைப்பை நாம் விட்டுவிட வேண்டும். யாரும் வந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது வாங்குகிற நாம்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலில் வெளியே. வாசலில் நின்று வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்க்க வேண்டும். தெருவை விட வீடு தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? சரபங்கா ஓரத்திலோ பழைய குட்டையிலோ மண் கொட்டி நிரப்பிய மனையா? அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். அடுத்தது பக்கத்து மதில். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் விடியற்காலை மழையில் ஒரு சுற்றுச்சுவர் சாய்ந்து, அதை ஒட்டியிருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அவர்கள் வீட்டில் குறை இல்லை, பக்கத்துச் சுவரில் இருந்தது. ஆகவே காம்பவுண்டு சுவர் உயரமென்ன, சாய்ந்திருக்கிறதா, தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. தூக்குக்குண்டு ஒன்று போதும்.

பிறகு மொட்டை மாடி. எல்லோரும் கடைசியில் "மேல ஒண்ணுமில்ல, தண்ணி டேங்க் தான்" என்று விட்டுவிடுவார்கள். நான் இங்கேதான் அதிக நேரம் இருப்பேன். தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் குழாயை நோக்கி ஓடுகிறதா, தேங்குகிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் நீளமாகக் கீறல் ஓடுகிறதா. கூரையில் போன தண்ணீர் கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் அடியிலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கீழே அறையில் பூச்சு உதிர்வது நோயின் கடைசிக் கட்டம், ஆரம்பம் மாடியில்.

அப்புறம் உள்ளே, கீறல்கள். எல்லாக் கீறலும் பயப்பட வேண்டியது அல்ல, இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். பூச்சில் வலைபோல் மயிரிழையாக ஓடுவது சிமெண்டு கூடிப்போனதாலோ, தண்ணீர் சரியாக விடாததாலோ வருவது. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக வருவது இரண்டு வேறு பொருள் சேர்ந்ததால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக, படிக்கட்டுப் போலச் செங்கல் இணைப்புகளில் இறங்கினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். பீமின் அடியில் கம்பியின் போக்கிலேயே கீறலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது துரு. கீறல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பது பழைய வழி. இன்றும் நல்ல வழி.

பிறகு கையும் காதும். சின்னச் சுத்தியலால் பூச்சைத் தட்டினால் நன்றாக ஒட்டியிருப்பது 'டங்' என்னும், விட்டுப்போனது 'டொப்' என்னும். தரை டைல்ஸுக்கு ஒரு நாணயம் போதும். குளியலறை வடிகாலை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிவைத்துக் கீழ் அறையின் மேற்கூரையைப் பார்க்க வேண்டும். கதவு நிலையின் அடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மின்சார போர்டைத் திறந்து (இதற்கு எலக்ட்ரீஷியன் கூட இருக்க வேண்டும்) எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று சில விஷயம் தனியாக உண்டு. எடப்பாடியில் பாதி வீடு வெறும் வீடு அல்ல, தறிப்பட்டறையும்தான். விசைத்தறி வருடக்கணக்காக ஓடிய கட்டடத்தில் அதிர்வு சுவரை வேலை வாங்கியிருக்கும். தறிக்குத் தனி மேடை போட்டார்களா, தறியும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பங்கு போடுகிறதா என்று கேட்க வேண்டும். பஞ்சுத் தூசி ஸ்விட்ச் போர்டுக்குள் அடைந்திருக்கும், அது நெருப்புக்கு அழைப்பு. பழைய கைத்தறி வீடு என்றால் தறிக்குழியை எதைப் போட்டு மூடினார்கள் என்று கேட்க வேண்டும். சரியாக மூடாத குழிமேல் டைல்ஸ் போட்டால் தரை இறங்கும். இன்னொன்று தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. போர் தண்ணீர் உப்பா என்று பார்க்காமல் கலந்த கான்கிரீட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியப்பா வழியில் எனக்கு மகள் முறையாகிற பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். பன்னிரண்டு வருடச் சேமிப்பு, நகை, பேங்க் கடன் எல்லாம் சேர்த்து 26 லட்சத்துக்கு ஒரு வீடு பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். புதன்கிழமை "மாமா, நீங்க ஒருக்கா வந்து பாருங்க" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார், போனேன். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட். பின்னாடி அறையில் மேற்கூரைக்கு மட்டும் புதுப் பெயிண்ட். ஏணி கேட்டு வாங்கித் தட்டிப் பார்த்தேன். நாலடிக்கு நாலடி 'டொப் டொப்' என்றது. கையகலம் பூச்சைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க. எம் வீட்டக் கொத்தற வேலையெல்லாம் வேண்டாம்" என்றார். புரோக்கர் என் காதில், "சார், நல்ல காரியத்துல இப்படிப் பண்ணாதீங்க" என்றார். நான் சத்தம் போடவில்லை. "நீங்க சொல்றது சரிங்க, உங்க வீடு. ஆனா இந்தப் புள்ளைங்க இதுக்குக் கீழ படுக்கப் போகுது" என்றேன். அந்த அம்மாள், வீட்டுக்காரரின் மனைவி, "சுரண்டிப் பாக்கட்டும் விடுங்க" என்றார். சுரண்டினோம். கம்பி பாதி தின்றுபோய், தகடு தகடாக உரிந்தது.

வீட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துவரச் சொன்னேன். அவர் அந்த அறைத் தளத்தை மட்டும் இடித்துப் புதிதாகப் போட வேண்டும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். செலவுக் கணக்கும் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்துப் பேசி 3 லட்சம் குறைத்துக் கிரயம் ஆனது. தளத்தைப் போட்டபின்தான் குடிபோனார்கள். அந்தப் புரோக்கர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார், போகட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்னொரு வீட்டில் கூடம் முழுக்கக் கீறல். மூன்று பேர் பார்த்துவிட்டுப் பயந்து போய்விட்டார்களாம். பார்த்தால் அத்தனையும் பூச்சுக் கீறல், சுவர் கல்லு மாதிரி நின்றது. அதை எழுதிக் கொடுத்ததும் நாலாவது ஆள் வாங்கிக்கொண்டார். சோதனை வாங்குபவருக்கு மட்டும் அல்ல, நல்ல வீடு வைத்திருந்து விற்பவருக்கும் பாதுகாப்பு.

இந்த வேலைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைத்தான் சோதனையாளர் சொல்ல முடியும். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பார்வை போகாது. கருவிகள் உண்டுதான். ரீபௌண்டு ஹேமர் என்ற சுத்தியல் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைச் சொல்லும். ஒலியலைக் கருவி கான்கிரீட்டுக்குள் ஒலி ஓடும் வேகத்தைச் சொல்லும். வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்லது, 3க்குக் கீழ் என்றால் சந்தேகம். பினால்ப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் கம்பியைக் காக்கும் காரம் இருக்கிற இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. ஆனால் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கத் தெரியாதவர் கையில் கருவி இருந்தும் பயனில்லை. டாக்டரிடம் ஸ்டெதாஸ்கோப் இருப்பதும் நம்மிடம் இருப்பதும் ஒன்றா?

வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1976இல் வீட்டுச் சோதனையாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். டெக்சாஸ் மாநிலம் 1985இல் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சங்கத்தின் நெறிமுறையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: சோதித்த வீட்டில் ஒரு வருடத்துக்குக் காசுக்கு ரிப்பேர் வேலை எடுக்கக் கூடாது. பழுது சொல்கிறவரே பழுது பார்ப்பவராகவும் இருந்தால் இல்லாத பழுதும் வந்துவிடும் அல்லவா? நம் சனம் நிறைய இருக்கிற சிங்கப்பூரில் 1986 மார்ச் 15ஆம் தேதி ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1989இல் வந்த சட்டத்தின்படி அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளை 10 வருடத்துக்கு ஒருமுறையும் மற்றக் கட்டடங்களை 5 வருடத்துக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும். நம்மிடம் 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் 11 மாடி இடிந்து 61 உயிர் போனது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் வீடு வாங்கும் பழக்கத்தில் நாம் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

"அப்ப எல்லாத்துக்கும் சோதனைச் சான்று கட்டாயம்னு சட்டம் போட்டுடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து. கட்டாயமாக்கினால் அது பத்திர ஆபீஸ் வாசலில் கிடைக்கிற இன்னொரு காகிதமாகிவிடும். வீட்டுப் பக்கமே போகாமல் சீல் குத்திக் கொடுக்கும் ஆள் வந்துவிடுவார். எனக்கு வேண்டியது வேறு. டிப்ளமோ சிவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் சேலம், நாமக்கல் பக்கம் எத்தனை பேர்! பாலிடெக்னிக்குகளில் ஆறு மாதப் பயிற்சி வைக்கலாம். கட்டடம், மின்சாரம், குழாய் மூன்றையும் சொல்லித்தர வேண்டும். அனுபவம் உள்ளவரோடு ஐம்பது வீடாவது கூடப்போய்ப் பார்த்தபின் பரீட்சை, பதிவு எண். அறிக்கை தமிழில், போட்டோவோடு, ஒரே படிவத்தில். கூலி வாங்குபவரிடம் மட்டும், புரோக்கரிடமிருந்து ஒரு பைசா கூடாது. பொறுப்பில்லாமல் எழுதினால் புகார் கொடுக்க ஓர் இடம், பதிவு ரத்து. பெரிய ஊர்களில் இதைத் தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் வந்துவிட்டன. ஆனால் லைசென்ஸ் என்று ஒன்று இல்லாததால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலை. அதை மாற்ற வேண்டும்.

மேஸ்திரிகளையும் ஒதுக்கக் கூடாது. முப்பது வருடம் கரணை பிடித்தவர் தட்டிப் பார்த்துச் சொல்வதைப் படித்த பிள்ளை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நன்றாக வரும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நாலு காரியம் செய்யுங்கள். ஒன்று, வீட்டை ஒருமுறை மழையிலோ மழை விட்ட மறுநாளோ போய்ப் பாருங்கள். இரண்டு, மொட்டை மாடிக்கு ஏறுங்கள். மூன்று, உங்களுக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள், பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். நாலு, ஒப்பந்தத்தில் "கட்டடத்தைச் சோதித்தபின் பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

நல்ல வீடு வைத்திருப்பவர் ஏணி எடுத்துக் கொடுப்பார்.